கேஷ்-மிஸ்: ஒரு பெயர், மூன்று கணக்கு

லினக்ஸில் ‘பெர்ஃப்’ கருவியைத் தொட்டவர்களுக்கு ‘கேஷ்-மிஸ்ஸஸ்’ என்ற வரி நன்றாகப் பழக்கம். ஒரு புரோகிராமை ஓட்டி முடித்ததும் எத்தனை சைக்கிள், எத்தனை கட்டளை, எத்தனை கேஷ் மிஸ் என்று வரிசையாகப் போட்டுக் காட்டும். அந்த எண்ணை அப்படியே எடுத்து ஒரு அட்டவணையில் ஒட்டி, இரண்டு பிராசசர்களை ஒப்பிட்டு, ‘இது மேல், அது கீழ்’ என்று சொல்லிவிடுவோம். கல்லூரி புராஜெக்ட் முதல் கம்பெனி மீட்டிங் வரை இதுதான் நடைமுறை.

இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது ஒன்றுதான். அந்த எண் சரியாகத்தான் இருக்கும், பெயர்தான் சரியில்லை. அந்தப் பெயரை வைப்பது யார், எப்படி வைக்கிறார்கள், நம்ம ஊர் சக்தி பிராசசருக்கு அதே பெயர்களை வைக்கப்போனால் என்ன சிக்கல் வருகிறது என்று பார்ப்போம். (நான் இருப்பது கீழ்க்கட்டளை. கட்டளைகளை எண்ணுவதைப் பற்றி எழுத இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது.)

முதலில் அடிப்படை

பிராசசருக்குள்ளேயே சில சின்ன எண்ணிகள் இருக்கின்றன. கவுண்டர் என்றே வைத்துக்கொள்வோம். ‘எதை எண்ணணும்’ என்பதற்கான குறியீட்டு எண்ணை ஒரு ரெஜிஸ்டரில் எழுதிவிட்டால், அந்தச் சம்பவம் நடக்கும்போதெல்லாம் கவுண்டர் ஏறும். எண்ணும் வேலையை சிலிக்கானே செய்வதால் புரோகிராமின் வேகம் அநேகமாகக் குறையாது. அந்தச் சம்பவத்தின் பெயர்தான் நிகழ்வு. ஒரு நவீன பிராசசரில் நிகழ்வுகள் நூற்றுக்கணக்கில் இருக்கும், கவுண்டர்களோ விரல்விட்டு எண்ணும் அளவுதான். எந்தக் குறியீட்டு எண்ணுக்கு எந்த நிகழ்வு என்பது மாடலுக்கு மாடல் மாறும்.

நாம் ‘கேஷ்-மிஸ்ஸஸ்’ என்று கேட்கிறோம். சிலிக்கானுக்குத் தெரிந்தது எண் மட்டும். நடுவில் இருந்து பெயரை எண்ணாக மாற்றுவது ஆபரேட்டிங் சிஸ்டத்தில் உள்ள டிரைவர். எந்தப் பெயருக்கு எந்த எண் என்று அந்த டிரைவரை எழுதியவர் எடுத்த முடிவு, நாம் பார்க்கும் திரையில் எங்கேயும் தெரியாது.

2009-இல் எடுத்த ஒரு முடிவு

பெர்ஃப் லினக்ஸுக்குள் வந்தது 2009 செப்டம்பரில், 2.6.31 பதிப்பில். தாமஸ் கிளைக்ஸ்னரும் இங்கோ மோல்னாரும் தொடங்கியது. அதற்கு முன்பே ஸ்டெஃபான் எரானியனின் ‘பெர்ஃப்மான்2’ கெர்னலுக்கு வெளியே பல வருடம் காத்திருந்தது. இரண்டுக்கும் இருந்த அடிப்படை வேறுபாடுகளில் ஒன்று இந்தப் பெயர் விஷயம். பெர்ஃப்மான் வழியில் கெர்னலின் வேலை ரெஜிஸ்டரில் எழுதுவது மட்டும். நிகழ்வுப் பெயர்களும் அட்டவணைகளும் வெளியே ஒரு நூலகத்தில் இருக்கும். பெர்ஃப் வழியில் கெர்னலே சில பொதுப்பெயர்களை வைத்துக்கொள்ளும். எந்த மெஷினாக இருந்தாலும் அதே பெயரில் கேட்கலாம்.

இன்று அந்தப் பொதுப்பட்டியலில் 10 பெயர்கள் உள்ளன. சைக்கிள், கட்டளை, கேஷ் அணுகல், கேஷ் மிஸ், கிளைக் கட்டளை, கிளைக் கணிப்புத் தவறு என்று போகும். இதற்கு மேல் கேஷுக்கென்று தனியாக ஒரு கட்டம். எல்1 டேட்டா, எல்1 கட்டளை, கடைசி நிலை, இரண்டு வகை டிஎல்பி, கிளைக் கணிப்பான், நோட் என 7 இடங்கள். படித்தல், எழுதுதல், முன்கூட்டி எடுத்தல் என 3 செயல்கள். அணுகல், மிஸ் என 2 முடிவுகள். பெருக்கினால் 42 கட்டங்கள். டிரைவர் எழுதுபவர் இந்த 42-ஐயும் தன் பிராசசருக்கு ஏற்ப நிரப்ப வேண்டும்.

நியாயமாகச் சொன்னால் இது பெரிய வசதி. கையேட்டைப் பார்த்து ஹெக்ஸ் எண்ணைத் தேடி எடுக்காமல், புதிதாக வரும் ஒரு மாணவர் முதல் நாளே ஏதோ ஒன்றை அளந்துவிட முடிகிறது. பெர்ஃப் இவ்வளவு பரவியதற்கு இதுவும் ஒரு காரணம். என் குறை வசதியைப் பற்றியது இல்லை, அந்த வசதிக்காக எதை மறைத்தார்கள் என்பதைப் பற்றியது.

ஒரே பெயர், மூன்று இடம்

லினக்ஸ் மூலநிரலைத் திறந்து ‘கேஷ்-மிஸ்ஸஸ்’ எதற்கு மாற்றப்படுகிறது என்று பார்த்தால் கதை இப்படிப் போகிறது:

இன்டெல் டிரைவரில், கடைசி நிலை கேஷில் தவறிய கோரிக்கைகள்.

ஏஎம்டி ஜென் வரிசையில், எல்2 கேஷில் தவறியவை.

64-பிட் ஆர்ம் டிரைவரில், எல்1 டேட்டா கேஷுக்குள் புதிதாக நிரப்பப்பட்ட லைன்கள்.

மூன்றும் மூன்று வெவ்வேறு இடத்தில் எடுத்த கணக்கு. எங்க ஏரியா உதாரணமே சொல்கிறேன். பல்லாவரத்திலிருந்து 200 அடி ரோட்டில் துரைப்பாக்கம் நோக்கிப் போகும் வண்டிகளை மூன்று பேர் எண்ணுகிறார்கள். ஒருவர் கீழ்க்கட்டளை சிக்னலில், ஒருவர் பள்ளிக்கரணையில், மூன்றாமவர் துரைப்பாக்கத்தில் ஓஎம்ஆர் சேரும் இடத்தில். வழியில் மடிப்பாக்கத்துக்கும் மேடவாக்கத்துக்கும் பிரிந்து போகிற வண்டிகள் ஏராளம். மூவரும் தங்கள் தாளில் ‘வாகனங்கள்’ என்று மட்டும் தலைப்பு போட்டுக் கொடுத்தால், மூன்றாமவர் நின்ற இடத்தில் போக்குவரத்தே இல்லை என்று தோன்றும். மூவரும் எண்ணியதில் ஒரு பிழையும் கிடையாது. தாளில் இடத்தின் பெயர் இல்லை, அவ்வளவுதான்.

இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் இல்லை. நான் முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில், ஒரு பொருளுக்கு இன்டெல் போர்டா ஆர்ம் போர்டா என்ற பேச்சு வந்தது. ஒருவர் இரண்டிலும் ஒரே புரோகிராமை ஓட்டி, இரண்டு கேஷ்-மிஸ் எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டார். ஆர்ம் பக்கம் எண் மலைபோல் இருந்தது. இருக்கத்தானே செய்யும்? ஒன்று எல்1 வாசலில் எடுத்த கணக்கு, இன்னொன்று டிராமுக்குப் போகும் கடைசி வாசலில் எடுத்த கணக்கு. ‘கேஷ் சரியில்லை’ என்று அந்த போர்டின் மேல் ஒரு முத்திரை விழுந்தது. அந்த முத்திரை போக பல வாரம் ஆனது. கருவி ஒரு எச்சரிக்கை வரியைக்கூடக் காட்டவில்லை. காட்டும்படி அது வடிவமைக்கப்படவும் இல்லை.

பெர்ஃப்புக்கு முன்பே வந்த ‘பாப்பி’ நூலகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். டென்னசி பல்கலைக்கழகத்தில் உருவானது. அதிலும் பொதுப்பெயர்கள் உண்டு. ஆனால் கேஷ் மிஸ் பெயர்களில் எல்1-ஆ எல்2-ஆ எல்3-ஆ, டேட்டாவா கட்டளையா என்பது பெயரின் உள்ளேயே இருக்கும். இன்னொரு நல்ல பழக்கமும் அதற்கு உண்டு. ஒரு பொதுநிகழ்வு நேரடியாக எண்ணப்படுகிறதா, இரண்டு மூன்று நிகழ்வுகளைக் கூட்டிக் கழித்துப் பெறப்படுகிறதா என்பதையும் பட்டியலிலேயே சொல்லிவிடும். பெயர் நீளமானால் தட்டச்சு செய்யக் கொஞ்சம் கை வலிக்கும். அந்த மீட்டிங்கை நினைத்தால் அது மலிவு.

பூஜ்யம் வேறு, ‘இல்லை’ வேறு

பெர்ஃப்பில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு இடமும் உண்டு. எக்ஸ்86 டிரைவரில் அந்த 42 கட்ட அட்டவணையை நிரப்பும்போது இரண்டு சிறப்பு மதிப்புகள் வைத்திருக்கிறார்கள். 0 போட்டால் ‘இந்த பிராசசரில் இதை எண்ண வசதி இல்லை’ என்று பொருள். -1 போட்டால் ‘இந்தக் கேள்விக்கே இங்கே அர்த்தம் இல்லை’ என்று பொருள். இரண்டுக்கும் வேறு வேறு பிழைச் செய்தி திரும்பும்.

‘கிளைக் கணிப்பானில் எழுதுதல் எத்தனை முறை தவறியது?’ என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? கேள்வியே தப்பு. அதைத் தப்பு என்று சொல்ல ஒரு இடம் வைத்திருப்பது நல்ல வடிவமைப்பு. டிரைவர் எழுதுபவர் ‘தெரியாது’, ‘பொருந்தாது’ என்று சொல்லத் தயங்கக் கூடாது. ஏதாவது ஒரு எண்ணைக் காட்டிவிட்டால் பயனர் மகிழ்ச்சியாகப் போய்விடுவார். பிரச்சினை அப்போதுதான் தொடங்கும்.

இதே வேறுபாடு ரிஸ்க்-ஃபைவ் உலகில் இன்னும் முக்கியமாகிறது.

ரிஸ்க்-ஃபைவ்: வெற்றுத்தாள்

ரிஸ்க்-ஃபைவின் சிறப்புரிமை விவரக்குறிப்பு, சைக்கிளுக்கு ஒன்று, முடிந்த கட்டளைகளுக்கு ஒன்று என இரண்டு கவுண்டர்களை வரையறுத்துவிட்டு, 3 முதல் 31 வரை 29 கவுண்டர்களுக்கு இடம் ஒதுக்குகிறது. அவை எதை எண்ணும் என்பதை வடிவமைப்பாளரிடமே விட்டுவிடுகிறது. தேவையில்லை என்றால் அந்த ரெஜிஸ்டரை நிரந்தரமாகப் பூஜ்யத்தில் கட்டிவைத்தாலும் விதிப்படி சரி.

அதாவது ஒரு கவுண்டரைப் படித்தால் 0 வருகிறது என்றால், சம்பவம் ஒருமுறைகூட நடக்கவில்லை என்றும் இருக்கலாம், அங்கே கவுண்டரே இல்லை என்றும் இருக்கலாம். இதைக் கண்டுபிடிக்க ஃபர்ம்வேர் அந்த ரெஜிஸ்டரில் ஏதோ ஒன்றை எழுதிப் படித்துப் பார்க்கிறது. எழுதியது நின்றால் கவுண்டர் உண்டு.

லினக்ஸ் இந்தக் கவுண்டர்களின் நிகழ்வு ரெஜிஸ்டர்களை நேரடியாகத் தொட முடியாது. அவை மெஷின் நிலைக்கு மட்டுமே உரியவை. அதனால் எஸ்பிஐ என்ற ஃபர்ம்வேர் இடைமுகம் வழியாகக் கேட்க வேண்டும் (பேங்க் இல்லை, அது வேற). எஸ்பிஐ 0.3 பதிப்பில் செயல்திறன் கவுண்டர் பகுதி சேர்ந்தது. 2022-இல் லினக்ஸ் 5.18-இல் அதற்கான டிரைவர் வந்தது. பல நிறுவனங்கள் பல விதமாக எழுதும் பிராசசர்களுக்கு ஒரே டிரைவர். சாதனைதான்.

ஆனால் அந்த எஸ்பிஐ விவரக்குறிப்பில் உள்ள நிகழ்வுப் பட்டியலைப் பாருங்கள். அதே 10 பொதுப்பெயர்கள். அதே 7 இடம், 3 செயல், 2 முடிவு, அதே வரிசை. 2009-இல் எக்ஸ்86 மனதில் இருக்க ஒரு மென்பொருள் வசதிக்காகப் போட்ட அட்டவணை, 12 வருடம் கழித்து ஒரு புதிய கட்டமைப்பின் ஃபர்ம்வேர் விவரக்குறிப்பில் போய் உட்கார்ந்துவிட்டது. வெற்றுத்தாள் கிடைத்தபோது அதில் பழைய படிவத்தையே நகல் எடுத்தார்கள். எந்த நிலை கேஷ் என்று சொல்லாத அந்த ‘கேஷ்-மிஸ்ஸஸ்’ உள்பட. லினக்ஸ்தான் முதல் வாடிக்கையாளர் என்பதால் வேலை சுலபம் என்ற நியாயம் புரிகிறது. ஆனாலும் வரையறையைத் திருத்திக்கொள்ள ரிஸ்க்-ஃபைவுக்குக் கிடைத்த நல்ல வாய்ப்பு நழுவியது என்றே நினைக்கிறேன்.

சக்தியைப் பொருத்திப் பார்த்தால்

சக்தி பற்றி இந்த வலைப்பதிவைப் படிப்பவர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டாம். ஐஐடி மெட்ராஸில் காமகோடி தலைமையில் வளர்ந்த திறந்த மூல ரிஸ்க்-ஃபைவ் குடும்பம். 2018-இல் இன்டெலின் 22 நானோமீட்டர் ஆலையில் உருவான சில்லில் லினக்ஸ் பூட் ஆனது. பிறகு சண்டிகர் எஸ்சிஎல்லில் 180 நானோமீட்டரிலும் வந்தது. இதில் லினக்ஸ் ஓட்டத்தக்கது சி-கிளாஸ்: 5 நிலை பைப்லைன், கட்டளைகளை வரிசை மாறாமல் இயக்கும். மூலநிரல் புளூஸ்பெக் மொழியில் பொதுவெளியில் இருக்கிறது. ஆர்ட்டி போர்டு இருந்தால் வீட்டிலேயே ஏற்றிப் பார்க்கலாம்.

சி-கிளாஸ் ஆவணத்தில் உள்ள நிகழ்வுப் பட்டியல் எனக்குப் பிடித்திருக்கிறது. காரணம் அது எதையும் மழுப்புவதில்லை. கிளைக் கட்டளை தனி, ஜம்ப் தனி. டேட்டா கேஷில் படித்தல், எழுதுதல், அட்டாமிக் என மூன்று தனி அணுகல்கள், மூன்று தனி மிஸ்கள். கூடவே ‘ஃபில்-பஃபர் ஹிட்’ என்று ஒன்று. இதை வைத்துக்கொண்டு பெர்ஃப் அட்டவணையை நிரப்ப உட்கார்ந்தால் ஒவ்வொரு கட்டத்திலும் இடிக்கிறது.

ஃபில்-பஃபர் ஹிட்டை எடுத்துக்கொள்வோம். கேஷில் இல்லாத ஒரு லைன் நினைவகத்திலிருந்து வரும்போது முதலில் ஃபில்-பஃபரில் வந்து இறங்கும். பிறகு சமயம் பார்த்து கேஷின் எஸ்ராமுக்குள் போகும். அந்த இடைவெளியில் அதே லைனுக்கு இன்னொரு கோரிக்கை வந்தால் பஃபரிலிருந்தே கொடுத்துவிடலாம். இது ஹிட்டா, மிஸ்ஸா? எஸ்ராமில் இல்லை என்பதால் மிஸ் என்று ஒருவர் சொல்லலாம். நினைவகத்துக்குப் போகவில்லையே, அதனால் ஹிட் என்று இன்னொருவர் சொல்லலாம். லைன் முழுதாக வந்திருந்ததா, பாதிதான் வந்திருந்ததா என்பதைப் பொறுத்து காத்திருந்த நேரமும் மாறும். வடிவமைத்தவர்கள் இதற்குத் தனி நிகழ்வு கொடுத்தது நேர்மையான முடிவு. பெர்ஃப்பின் கட்டத்தில் அதற்கு இடமில்லை. டிரைவர் எழுதுபவர் ஏதாவது ஒரு பக்கம் தள்ளியாக வேண்டும், தள்ளியது பயனருக்குத் தெரியாது.

அடுத்தது அட்டாமிக். பெர்ஃப்பின் 3 செயல்களில் அட்டாமிக் கிடையாது. எழுதுதலோடு சேர்க்கலாம் என்றால் இன்னொரு தடை. சக்தியின் நிகழ்வுகள் வரிசை எண் முறையில் உள்ளவை, ஒரு கவுண்டருக்கு ஒரு எண். மூன்று வகை மிஸ்ஸையும் ஒரே கவுண்டரில் கூட்ட முடியாது. சைஃபைவ் நிறுவனத்தின் பிராசசர்களில் இதை வேறு மாதிரி செய்திருக்கிறார்கள். நிகழ்வு ரெஜிஸ்டரின் கீழ் 8 பிட்டுகள் எந்த வகை நிகழ்வு என்று சொல்லும், மேல் பிட்டுகள் ஒவ்வொன்றும் ஒரு நிகழ்வுக்கு. வேண்டிய பிட்டுகளை எல்லாம் ஏற்றினால் அவற்றில் எது நடந்தாலும் கவுண்டர் ஏறும். டிரைவருக்கு இது பெரிய வசதி. சக்தியில் நான் மாற்றச் சொல்வது ஒன்றே ஒன்று என்றால் இதைத்தான் சொல்வேன்.

மூன்றாவது, எனக்கு ரொம்பவே கவலை தருவது, கிளைகள். இன்டெலில் ‘கிளைக் கட்டளைகள்’ என்ற பொதுப்பெயர் ஜம்ப், கால், ரிட்டர்ன் எல்லாவற்றையும் சேர்த்து எண்ணும். சக்தியில் கிளை தனி, ஜம்ப் தனி. ‘கிளை’ என்ற பெயர் ஒத்துப்போகிறதே என்று டிரைவரில் அதை மட்டும் இணைத்துவிட்டால் என்ன ஆகும்? கணிப்புத் தவறு எண்ணில் ஜம்ப் தவறுகளும் சேர்ந்திருந்தால், மேலே எல்லாத் தவறும், கீழே கிளைகள் மட்டும் என்று ஒரு பின்னம் வரும். பெர்ஃப் அதைச் சதவீதமாக மாற்றி பக்கத்திலேயே போட்டுவிடும். கிளைக் கணிப்பான் உள்ளபடியே இருப்பதைவிட மோசமாகத் தெரியும். பழி சக்தியின் மேல் விழும்.

‘இதெல்லாம் தெரிஞ்சவங்க பாத்துப்பாங்க’

இதற்கு ஒரு பதில் எப்போதும் வரும். பொதுப்பெயர்கள் ஆரம்பநிலைக்காரர்களுக்கு, விஷயம் தெரிந்தவர்கள் பிராசசரின் சொந்த நிகழ்வுகளை எண் கொடுத்துக் கேட்டுக்கொள்வார்கள் என்று. எனக்கு இது தலைகீழாகப் படுகிறது. ஹெக்ஸ் எண் கொடுத்துக் கேட்கிறவர் கையேட்டைப் படித்துவிட்டுத்தான் வருகிறார், அவர் ஏமாற மாட்டார். பெயரை நம்பி வருகிறவர்தான் ஏமாறுவார், அவருக்காகத்தான் அந்தப் பெயரே வைக்கப்பட்டது.

இன்னொரு பதிலும் உண்டு. கவுண்டர்களே முழுக்கத் துல்லியமானவை இல்லையே, பெயரில் மட்டும் என்ன துல்லியம் என்று. மெய்ன் பல்கலைக்கழகத்தின் வின்சென்ட் வீவர் போன்றவர்கள் எக்ஸ்86-இல் ‘முடிந்த கட்டளைகள்’ என்ற எளிய நிகழ்வுகூட இன்டரப்ட் வரும்போது கூடுதலாக எண்ணப்படுவதைக் காட்டியிருக்கிறார்கள். உண்மை. ஆனால் அந்தப் பிழையை அளந்து கழிக்க முடிந்தது, அந்த நிகழ்வுக்குத் தெளிவான வரையறை இருந்ததால்தான். எது சரியான எண் என்றே தெரியாதபோது பிழை எவ்வளவு என்று எப்படிச் சொல்வது?

டிரைவர் எழுதுகிறவர்களிடம் நான் கேட்பது

1. பொதுப்பெயர்களில் வரையறை தெளிவாக உள்ளவற்றை மட்டும் நிரப்புங்கள். சைக்கிள், முடிந்த கட்டளைகள் இரண்டும் நிச்சயம். மற்றவை நிகழ்வு முழுதாகப் பொருந்தினால் மட்டும். ‘கிட்டத்தட்ட’ பொருந்துவது பொருந்தாதது.

2. எல்1 மட்டும் உள்ள அமைப்பில் ‘கடைசி நிலை கேஷ்’ கேட்டால் எல்1 கணக்கைத் தூக்கிக் கொடுக்காதீர்கள். அகராதிப்படி எல்1-தான் கடைசி நிலை. ஆனால் கேட்டவர் மனதில் இருப்பது அது இல்லை.

3. மீதி எல்லாவற்றையும் பெர்ஃப் கருவியோடு வரும் ஜேசன் அட்டவணைகளில் வையுங்கள். சைஃபைவுக்கும் வேறு சில ரிஸ்க்-ஃபைவ் பிராசசர்களுக்கும் அங்கே ஏற்கெனவே அட்டவணைகள் உள்ளன. பிராசசரின் சொந்தப் பெயர், கூடவே எதை எண்ணுகிறது என்று ஒரு வரி. ஃபில்-பஃபர் ஹிட் அங்கே தன் பெயரிலேயே இருக்கலாம். படித்தல், எழுதுதல், அட்டாமிக் மிஸ்களைக் கூட்ட வேண்டுமா? அதே அட்டவணையில் சூத்திரமாக எழுதலாம், படிப்பவர்களுக்கும் அது தெரியும். எரானியன் அன்று சொன்ன ‘அட்டவணை வெளியே இருக்கட்டும்’ என்ற இடத்துக்கே பெர்ஃப்பும் பாதி வந்து சேர்ந்துவிட்டது என்பதைக் கவனியுங்கள்.

4. இதற்கு வன்பொருள் குழு நிகழ்வு ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாக்கிய வரையறை எழுதித் தர வேண்டும். பைப்லைனின் எந்த நிலையில் ஏறுகிறது, ரத்தான கட்டளைகள் சேருமா, இரண்டு நிகழ்வு ஒரே சைக்கிளில் நடந்தால் ஒன்றா இரண்டா. பெயர் மட்டும் போதாது.

இவ்வளவு ஏன் அலட்டிக்கொள்கிறேன் என்றால், இந்திய பிராசசர்கள் இனி லேபுக்குள் மட்டும் இருக்கப் போவதில்லை. 2022-இல் மத்திய அரசு டிஐஆர்-வி திட்டத்தை அறிவித்தது. திருவனந்தபுரம் சி-டாக்கின் வேகா ஒருபுறம், சக்தி ஒருபுறம். 2025-இல் இஸ்ரோவுக்கான சக்தி சில்லும் வந்துவிட்டது. யாரோ ஒருவர் ஒரு மேசையில் நம்ம சில்லையும் வெளிநாட்டு சில்லையும் வைத்து, ஒரே பெயரில் இரண்டு எண் எடுத்து, ஒரு டெண்டரிலோ ஆய்வேட்டிலோ எழுதத்தான் போகிறார். அந்த எண் நம்ம சில்லை மட்டம் தட்டினாலும் தவறு, தகுதிக்கு மேல் தூக்கினாலும் தவறு.

சக்தியின் அட்டவணையை ஜேசனாக எழுதும் வேலை ஒன்றிரண்டு வார இறுதிகளில் முடியக்கூடியது. ஆர்ட்டி போர்டும் பொறுமையும் உள்ள மாணவர்கள் யாராவது இருந்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்கள். ஃபில்-பஃபர் ஹிட்டுக்கு அந்த இரண்டு வாக்கிய வரையறையை எழுதுவதிலிருந்து தொடங்கலாம்.